கடைசியாகத் திருப்பியது

உக்குவளைக்கு மேலே இருக்கிற தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் கடைசி லயத்தில், விஜேந்திரன் என்று ஒருவன் இருக்கிறான். கராம்பு பறிப்பதில் பேர் எடுத்தவன். கராம்பு மரத்தை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பார்க்க லட்சணமான மரம். ஏறினால் துளியும் நம்பக் கூடாத மரம். கிளை பச்சையாக இருக்கும், இலை தளதளவென்று இருக்கும், கால் வைத்தால் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். அதனால் மூங்கில் ஏணியைத் தண்டோடு கயிற்றால் கட்டி, அதில் நின்றபடி கொக்கியால் கிளையை இழுத்துத்தான் பறிப்பார்கள். விஜேந்திரனுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. பருவம் தொடங்கினால் யட்டவத்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள்கூட முதலில் அவனுக்குத்தான் போன் எடுப்பார்கள்.

அப்படிப்பட்டவன் ஒரு தை மாதம், ஜவாஹிர் முதலாளியின் தோட்டத்தில், எட்டாத கொத்து ஒன்றுக்கு ஆசைப்பட்டு ஏணியிலிருந்து ஒரு காலைக் கிளைக்கு மாற்றினான். கீழே கல்லில் முதுகு அடிபட விழுந்தான். முதலாளி நல்ல மனிதர். பதறிப்போய்த் தன் வேனிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அந்தத் தூக்கிப் போட்டதில்தான் முதுகுத்தண்டில் மிச்சமிருந்ததும் போயிருக்கும் என்று பிறகு ஒரு டொக்டர் சொன்னார். நல்ல மனசு வேறு, ஆளைத் தூக்கத் தெரிவது வேறு. இடுப்புக்குக் கீழே அன்றோடு எல்லாம் முடிந்தது.

மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிகளில் கிடந்துவிட்டு வீடு வரும்போது ஒரு சக்கர நாற்காலி கொடுத்தார்கள். லயத்துக்கு ஏறிவரும் வழி முழுக்கப் படிக்கட்டு. நாற்காலி மடக்கியபடி வாசலில் நின்று துருப்பிடிக்கிறது. அதைவிட உருப்படியாகக் கிடைத்தவை இரண்டு. ஒன்று, ஒரு நேர்ஸ் அவனுடைய மனைவி கிருஷாந்தினியின் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த விதி: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆளைப் பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். இவருக்கு வலிக்காது, நமக்கு வலித்தால் நாமாகவே புரண்டு படுப்போம், இவருடைய உடம்புக்கு அந்தத் தகவல் போகாது, ஒரே இடத்தில் பாரம் அழுத்தினால் தோல் செத்துப் படுக்கைப்புண் வந்துவிடும் என்றார். மற்றது, பிடி வைத்த சின்னக் கண்ணாடி. தன் முதுகையும் பின்புறத்தையும் தினமும் தானே பார்த்துக்கொள்வதற்கு.

கிருஷாந்தினி அந்த விதியைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டாள். அவள் மாத்தளைப் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை. அவள் இல்லாத நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற கிருஷ்ணம்மா அக்கா வந்து திருப்பிவிடுவாள். கிருஷ்ணம்மா கொழுந்து பறித்து ஓய்வு வாங்கியவள், வாய் நீளம், கையும் பலம். “என்னா தம்பி, இந்தப் பக்கம் வெந்திருச்சா? அந்தப் பக்கம் போடுவமா?” என்று ரொட்டியைப் பிரட்டுகிற மாதிரி பிரட்டிவிட்டுப் போவாள். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் கிருஷாந்தினி செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கேட்பது ஒன்றுதான். “அக்கா, எத்தன தடவ திருப்பினீங்க?” இப்படியே இரண்டு வருடம் அவன் தோலில் ஒரு கீறல்கூட விழாமல் ஓடியது.

தோல் நன்றாக இருந்தது. வீடுதான் நன்றாக இல்லை. கிருஷாந்தினியின் ஒரு சம்பளத்தில் எதுவும் கட்டுப்படியாகவில்லை. ஒருநாள் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல், குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப் பதிந்திருப்பதாகச் சொன்னாள்.

“ரெண்டு வருஷந்தானே. கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள ஓடிரும்.”

“என்னய எங்க போடப் போற?”

“போடுறதுன்னு ஏன் சொல்றீங்க. கண்டியில ஒரு இல்லம் இருக்காம். நல்லாப் பாத்துக்குவாங்களாம்.”

மரத்திலிருந்து விழுந்தபோதுகூட அவனுக்கு அவ்வளவு பயம் வரவில்லை. தெரியாத ஊரில், தெரியாத கைகள் தன்னைத் திருப்புவதை நினைக்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை. அதைவிட, அவள் அடுத்தவன் வீட்டில் போய்க் குனிந்து நிற்பதை நினைத்தால் தாங்கவில்லை. தன்னால்தான் போகிறாள் என்ற எண்ணம் அவனை அரித்தெடுத்தது.

அந்தச் சமயத்தில்தான் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் தம்பி கஜீபன் ஒரு பழைய லெப்டொப்போடு வந்து சேர்ந்தான். மலையகத்து ஆட்களுக்கு இலவசமாக, தமிழில், ஒன்லைனில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுக்கிறார்களாம். முடிக்கிறவர்களில் இரண்டு பேரை ஒரு கம்பனி வேலைக்கு எடுக்குமாம், வீட்டிலிருந்தே செய்யலாமாம்.

“எனக்கு ஓ.எல். சோதனையில இங்கிலீஷே பாஸ் இல்லடா.”

“படுத்துக்கிட்டே செய்யிற வேல உலகத்துலயே இது ஒண்ணுதான் அண்ணே இருக்கு. விடாதீங்க.”

அன்று சாயங்காலம் கிருஷாந்தினி வந்ததும் விஜேந்திரன் கேட்டான். “இந்த வேல கெடைச்சா நீ போக மாட்டியா?”

அவள் செருப்பைக் கழற்றினாள். “எனக்கு மட்டும் அங்க போயி கக்கூஸ் கழுவ ஆசையா? கெடைச்சா நான் ஏன் போறேன்.”

படித்தே தீருவேன் என்று விஜேந்திரன் ஒற்றைக் காலில் நின்றான். இப்படி எழுதினால் முதலில் சிரிப்பது அவனாகத்தான் இருக்கும்.

கற்றுக்கொடுத்தது ஆதிபா மிஸ். மாத்தளை டவுன் பிள்ளை. விஜேந்திரனைவிட வயதில் சின்னவள், எல்லாரையும் அண்ணா, தம்பி என்றுதான் கூப்பிடுவாள். மொழிக்குப் பெயர் ஜாவா. முதல் பாடத்தில் திரையில் ‘வணக்கம்’ என்று ஒரு சொல்லை வரவைக்க வேண்டும். அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் என்னென்னவோ ஆங்கிலச் சொற்களை வரிசையாக எழுதி, அடைப்புக்குள் அடைப்புப் போட்டு, கடைசியில் ஒரு அரைப்புள்ளியும் வைக்க வேண்டியிருந்தது. “இதெல்லாம் என்னான்னு இப்ப கேக்காதீங்க, பிறகு விளங்கும், இப்ப பாத்து எழுதுங்க” என்றாள் மிஸ். வணக்கம் சொல்ல இவ்வளவு சடங்கா என்று விஜேந்திரனுக்கு மண்டை காய்ந்தது. அரைப்புள்ளி ஒன்றை விட்டுவிட்டால் மிஷின் சிவப்பு எழுத்தில் திட்டும். திட்டுவது ஆங்கிலத்தில் என்பதால் ஆரம்பத்தில் அவனுக்கு ரோஷமும் வரவில்லை.

மூன்றாவது பாடத்தில்தான் அவன் உண்மையாகவே உள்ளே போனான். கிளாஸ் என்றால் என்ன, ஒப்ஜெக்ட் என்றால் என்ன என்று மிஸ் விளக்கினாள். ஒரு சாமான் எப்படி இருக்கும், அதனிடம் என்னென்ன விவரம் இருக்கும், அது என்னென்ன செய்யும் என்று பொதுவாக எழுதிவைப்பது கிளாஸ். அதை வைத்து நிஜமாக ஒன்றை உண்டாக்கினால் அது ஒப்ஜெக்ட். “உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச சாமான் ஒண்ட எடுத்து எழுதிப் பாருங்க” என்றாள். மற்றவர்கள் கார் எழுதினார்கள், போன் எழுதினார்கள். விஜேந்திரன் கராம்பு மரம் எழுதினான். உயரம் எவ்வளவு, வயசு எவ்வளவு, கிளை தாங்குமா தாங்காதா. பிறகு மூன்று மரங்களை உண்டாக்கினான். மூன்றாவது மரத்துக்கு ஜவாஹிர் முதலாளியின் தோட்டத்து மரத்தின் உயரத்தைக் கொடுத்து, கிளை தாங்குமா என்ற இடத்தில் இல்லை என்று போட்டான். ஓடவிட்டுக் கேட்டான். இல்லை என்று அது நேர்மையாகப் பதில் சொன்னது. அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டு அவன் வெகுநேரம் அழுதான். ஏறுவதற்கு முன்னால் நிஜ மரமும் இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது அவனுக்கு.

அடுத்த வாரம் மிஸ் இன்னொன்றும் சொன்னாள். ஒப்ஜெக்டுக்குள் இருக்கிற விவரத்தை வெளியே இருந்து கைவிட்டுப் பார்க்க முடியாதபடி பூட்டிவைக்கலாம். வெளியே இருப்பவர் அதனிடம் கேட்கத்தான் முடியும். என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது எழுதினவர் கையில் இருக்கிறது. விஜேந்திரனுக்கு அது சட்டென்று பிடிபட்டது. அவனுடைய கீழுடம்பும் அப்படிப் பூட்டிக் கிடப்பதுதானே.

ஆகவே கடைசி வேலைத்திட்டத்துக்கு, உங்கள் வீட்டில் இருக்கிற ஒரு கஷ்டத்துக்கு உதவுகிற மாதிரி எதையாவது எழுதுங்கள் என்று மிஸ் சொன்னபோது, அவன் யோசிக்கவே இல்லை. ஆங்கில எழுத்தில் ‘ஆள்’ என்று ஒரு கிளாஸ் எழுதினான். அதில் பெயர், கடைசியாகத் திருப்பிய நேரம். அந்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் ஆனதும் லெப்டொப் கத்தும். திருப்பியபின் ‘திருப்பியாச்சு’ என்ற பொத்தானை அமத்தினால் புது நேரம் உள்ளே பதிந்து, திரையில் பெரிய எழுத்தில் வரும்: கடைசியாகத் திருப்பியது, இத்தனை மணி. அதற்குக் கீழே அன்று முழுக்கத் திருப்பிய நேரங்கள் ஒவ்வொன்றாக நிற்கும்.

அது முதன்முதலில் கத்திய அன்று கிருஷ்ணம்மா அக்கா, என்னமோ ஏதோ என்று அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள். விவரம் தெரிந்ததும் கன்னத்தில் கை வைத்தாள். விஜேந்திரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“இனி நீங்க நேரம் பாக்கவே வேணாம் அக்கா. இது கத்துனா மட்டும் வந்தாப் போதும்.”

“அப்ப என் தலையில இருந்த ஒரு சொமை எறங்கிருச்சு தம்பி,” என்றாள் கிருஷ்ணம்மா. மனதாரச் சொன்னாள். அன்றிலிருந்து அவள் சுவருக்கு அந்தப் பக்கம் கத்துகிற சத்தத்துக்குக் காது கொடுத்தாளே தவிர, மணி பார்க்கவில்லை.

கிருஷாந்தினிக்கு அதைவிடச் சந்தோஷம். அவள் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். தன் புருஷன் ஒரு மிஷினைப் பேசவைத்துவிட்டான் என்பது அவளுக்குச் சின்ன விஷயமில்லை. தொழிற்சாலையில் கூட வேலை செய்கிறவர்களிடம் போனில் படம் எடுத்துக் காட்டினாள். சாயங்காலம் வந்ததும் முன்பு கிருஷ்ணம்மாவைக் கேட்டவள், இப்போது திரையைப் பார்த்தாள். நேரங்கள் ஒழுங்காக இருக்கும். மனசு ஆறுதலாகி முகம் கழுவப் போவாள்.

எல்லாம் நன்றாக இருந்தது, ஒன்றைத் தவிர. பக்கம் திரும்பிப் படுத்தால் விஜேந்திரனால் எழுத முடியாது. சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, மடியில் பலகை வைத்தால்தான் இரண்டு கையும் வேலை செய்யும். அப்படிச் சாயும்போது உடம்பு மெல்ல மெல்லக் கீழே சறுக்கும். பாரம் எல்லாம் இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில் போய் உட்காரும். பிழை ஒன்றைப் பிடிக்கும் தருவாயில் மிஷின் கத்தும், கிருஷ்ணம்மா வருவாள், பிரட்டிவிட்டுப் போவாள். நினைவில் இருந்தது அத்தனையும் போய்விடும். அவனுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அதனால் ‘பிறகு’ என்று இன்னொரு பொத்தான் வைத்தான். அரை மணி நேரம் தள்ளிப்போட.

தள்ளிப்போடுவதை ஒழுங்காக எழுத, அதற்கென்று தனியாக ஒரு நேரம் வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும். எவ்வளவு முட்டி மோதியும் அவனுக்குச் சரிவரவில்லை. பொத்தானை அமத்தினாலும் மிஷின் நிற்காமல் கத்தியது. கடைசியில் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தான். ‘திருப்பியாச்சு’ பொத்தானுக்கு எழுதியிருந்த ‘திருப்பு’ என்ற கட்டளையையே ‘பிறகு’ என்பதற்குள்ளும் கூப்பிட்டுவிட்டான். ஒரே வரி. சத்தம் கப்பென்று நின்றது. நின்றதோடு, ஆளைத் திருப்பியதாக அந்த நேரமும் உள்ளே பதிந்து, திரையில் அழகாக வந்து நின்றது.

அது பொய் என்று அவனுக்குத் தெரியும். தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கராம்பு மரத்தை உண்மை பேசவைத்தவனுக்கு, தன்னைப் பொய் பேசவைத்தது தெரியாமல் போகுமா? பிறகு சரிசெய்யலாம் என்று நினைத்தான். கிருஷாந்தினி பார்த்தால் கவலைப்பட மாட்டாள் என்றும் நினைத்தான். இரண்டாவதுதான் உண்மையான காரணம்.

ஒப்படைக்க வேண்டிய வெள்ளிக்கிழமை நெருங்கியது. தொழிற்சாலையில் அவசர ஓடர். கிருஷாந்தினிக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. அவள் இருட்டோடு எழுந்து போய் இருட்டியபின் வந்தாள். முழுசாகக் குளிப்பாட்டுவது ஞாயிற்றுக்கிழமைதான். அது இரண்டு வாரம் தள்ளிப்போனது. தூக்கக் கலக்கத்தில், போர்வையோடு சேர்த்து அவனைத் திருப்பிவிட்டுச் சாய்வாள். பகலில் அவன் ‘பிறகு’ என்று அமத்தினான். மறுபடி கத்தியது, மறுபடி அமத்தினான். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் வந்த உடனே அடங்கிவிட, பாதி எழுந்த கிருஷ்ணம்மா இன்னும் நேரம் ஆகவில்லையாக்கும் என்று திரும்ப உட்கார்ந்தாள். இப்படிச் சில நாட்கள் காலையில் சாய்ந்தவன் சாயங்காலம்தான் நிமிர்ந்தான்.

ஒருநாள் உடம்பு குளிர்ந்து நடுங்கியது. பனடோல் மாத்திரை போட்டான். அடுத்த நாள் அறைக்குள் ஒரு மாதிரி வாடை. கிருஷ்ணம்மாதான் முதலில் மூக்கைச் சுளித்தாள்.

“என்னா தம்பி, ஏதோ அழுகுன மாதிரி வருதே.”

“கூரைக்குள்ள எலி செத்திருக்கும் அக்கா.”

அந்த மனுஷி நம்பினாள். துடைப்பக் கட்டையை எடுத்துவந்து தகரத்தை அங்கும் இங்கும் குத்திப் பார்த்து, எலி கிடைக்காமல், கழுத்து நோகப் போனாள். அவள் போனதும் விஜேந்திரன் தலையணைக்கு அடியிலிருந்து கண்ணாடியை எடுத்தான். பல நாட்களாக எடுக்காத கண்ணாடி. கையை வளைத்துப் பின்னால் பிடித்துப் பார்த்தான். முதுகு முடிகிற இடத்தில் தோல் கறுத்து, நடுவில் பிளந்து, ஈரமாக இருந்தது. வலி மட்டும் துளியும் இல்லை. அது வேறு யாருடைய முதுகோ போல இருந்தது.

அன்று புதன்கிழமை. கூப்பிட்டிருந்தால் கிருஷ்ணம்மா இருந்தாள். போன் கையில் இருந்தது. அவன் கண்ணாடியைத் தலையணைக்கு அடியில் வைத்தான். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு என்று அந்த முதுகிடம் சொன்னான். அதன் பிறகு வேலை கிடைத்துவிடும், கிருஷாந்தினி போக மாட்டாள், நிம்மதியாக மருந்து கட்டலாம். மறுபடி சுவரில் சாய்ந்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலைத்திட்டத்தை அனுப்பிவிட்டான். மறுநாள் கிருஷாந்தினிக்கு லீவு. வெந்நீர் வைத்து, வாளியோடு வந்து, போர்வையை விலக்கினாள். வாளி கையிலிருந்து விழவில்லை, அவள் கத்தவும் இல்லை. மெதுவாக வாளியைக் கீழே வைத்தாள். புண் உள்ளங்கையளவு இருந்தது. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது சதையா எலும்பா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவள் லெப்டொப்பைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“அதுல திருப்பினதாக் காட்டுச்சே.”

விஜேந்திரன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“நேத்தும் காட்டுச்சு. முந்தா நாளும் காட்டுச்சு. நான் பாத்தேனே. அக்கா வரலையா?”

“அக்கா மேல தப்பில்ல.”

“அப்ப மிஷின் பழுதா?”

“மிஷின் பழுதில்ல, கிருஷா. நான்தான் அப்பிடிச் சொல்ல வச்சேன்.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் வெளிறிப்போனது. திட்டியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவள் நேரே வெளியே போய், கிருஷ்ணம்மாவையும் லயத்தில் இருந்த ஆம்பிளைகளையும் கூட்டிவந்தாள். கதவைக் கழற்றி அதில் குப்புறக் கிடத்தி, படிக்கட்டு வழியாக ஆட்டோ வரைக்கும் தூக்கிப் போனார்கள். வழி நெடுக கிருஷ்ணம்மா அழுதுகொண்டே வந்தாள். “எலின்னு சொன்னாரே, நானும் கூரையக் குத்திக்கிட்டு நின்னேனே,” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மாத்தளையில் வைத்துக்கொள்ளவில்லை, கண்டிக்கு அனுப்பினார்கள். கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது, பிழைத்தால் பார்க்கலாம் என்றார்கள். பிழைத்தான். செத்த சதையை வெட்டி எடுத்தார்கள், எடுத்த இடத்தில் மறுபடி வெட்டினார்கள். மாதக்கணக்கில் குப்புறவோ பக்கவாட்டிலோதான் படுக்க வேண்டும், உட்காரவே கூடாது என்று உத்தரவு. இப்படிக் கிடக்கும்போதுதான் ஆதிபா மிஸ் போன் எடுத்தாள். கிருஷாந்தினி போனை அவன் காதோடு வைத்துப் பிடித்தாள்.

“விஜேந்திரன் அண்ணா, அல்ஹம்துலில்லாஹ், ஒங்கட புரொஜெக்ட்தான் முதலாவது. கம்பனியில எல்லாருக்கும் நல்லாப் புடிச்சிருக்கு. நெசமா வீட்டுல பாவிக்கிறதாண்டு கேட்டாங்க. பிரச்சின ஒண்டும் வரல்லதானே?”

அவன் சொன்னான். ஒளிக்காமல், முதலிலிருந்து கடைசி வரை சொன்னான்.

“அந்த வரிய நான் பாத்தன் அண்ணா,” என்றாள் மிஸ். குரல் உடைந்திருந்தது. “‘பிறகு’க்குள்ள ‘திருப்பு’ கூப்பிட்டிருந்தத. ஆரம்பத்துல எல்லாரும் விடுற பிழதானே, ஒரு வரி மாத்தினாச் சரியாகிடுமேண்டு மார்க்ஸும் கொறைக்கல்ல.”

கம்பனி அவனுக்காகக் கொஞ்ச நாள் பொறுத்தது. எப்போது வேலைக்கு உட்காரலாம் என்று கேட்டார்கள். உட்காரவே கூடாதவன் அதற்கு என்ன பதில் சொல்வான்? அந்த இடம் பதுளைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்திக்குப் போனது. கெட்டிக்காரி என்று கேள்வி.

குவைத்துக்கு விசா வந்த செய்தி, புண்ணுக்கு அன்று இரண்டாம் தடவை மருந்து மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் வந்தது. கிருஷாந்தினி கையுறையைக் கழற்றாமல், தோளால் போனை அணைத்துக்கொண்டு, வர முடியாது என்று ஏஜென்ட்டிடம் சொன்னாள். திறந்த புண்ணோடு இருப்பவரை எடுக்க முடியாது என்று கண்டி இல்லமும் சொல்லிவிட்டது. நேரத்துக்கு நேரம் திருப்பவும் மருந்து கட்டவும் ஆள் வேண்டும் என்பதால் தொழிற்சாலை வேலையும் போனது. அவள் கொல்லையில் வெற்றிலையும் கீரையும் போட்டு விற்கிறாள். ஜவாஹிர் முதலாளி மாதம் ஒரு தடவை அரிசி அனுப்புகிறார்.

வீட்டுக்கு வந்து பல வாரங்களுக்குப் பிறகு, ஒரு பகலில், விஜேந்திரன் லெப்டொப்பைக் கேட்டான். கிருஷாந்தினி தயங்கினாள். பிறகு கட்டில் தலைமாட்டில் ஒரு முக்காலியைப் போட்டு வைத்தாள். அவன் குப்புறக் கிடந்தபடி, தாடையைக் கட்டில் விளிம்பில் முட்டுக்கொடுத்து, கையைக் கீழே தொங்கவிட்டு, அந்த வரியைத் தேடினான். தேட வேண்டியிருக்கவில்லை; அது மனப்பாடம். அதை அழித்துவிட்டு, தள்ளிப்போடும் நேரத்துக்குத் தனியாக இடம் வைத்தான். முன்பு மண்டையை உடைத்த கணக்கு இப்போது சுலபமாக வந்தது. ஓடவிட்டான். ‘பிறகு’ என்று அமத்திப் பார்த்தான். கடைசியாகத் திருப்பிய நேரம் அசையாமல் நின்றது. முதல் தடவையாக அது உண்மை சொன்னது. சந்தோஷப்பட அவனால் முடியவில்லை.

திருப்பும் நேரம் வந்ததும் அது கத்தியது. கிருஷாந்தினி கீரை ஆய்ந்த கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். திரையை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. அவள் வந்ததே சத்தத்துக்காக இல்லை. அவளுக்கு இப்போது நேரம் உடம்பிலேயே ஊறிவிட்டது. போர்வையை விலக்கி, புண் கட்டை அவிழ்த்து, குனிந்து, விரலால் சுற்றிலும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“இப்ப சரிபண்ணிட்டேன்,” என்றான் விஜேந்திரன் தலையணைக்குள். “இனி அது பொய் சொல்லாது. திருப்புனதும் அந்தப் பொத்தான மட்டும் அமத்து.”

“நீங்களே அமத்துங்க. நான் ஒங்க முதுகத்தான் பாப்பேன்.”

அவள் புதுக் கட்டுப் போட்டு முடித்தாள். பிறகு, அவளுக்குக் கேட்குமோ கேட்காதோ என்கிற குரலில், “என்னால ஒன் பயணமும் கெட்டுப்போச்சு கிருஷா” என்றான்.

கிருஷாந்தினி ஒரு கையை அவன் தோளுக்கு அடியிலும் மற்றதை இடுப்புக்கு அடியிலும் கொடுத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

“நான் போகக் கூடாதுன்னுதானே எழுதுனீங்க,” என்றாள். “போகல பாருங்க.”

மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனைத் தூக்கி, பக்கவாட்டில் கிடத்தினாள். முக்காலியில் மிஷின் கத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் திரும்பிக் கிடந்த விஜேந்திரனுக்குப் பொத்தான் எட்டவில்லை.